தூக்கத்தில் நடந்த திருட்டு... திப்புவின் கோட்டையில் தொடங்கும் 'மூன்ஸ்டோன்' நாவல் சொல்லும் குற்றவுணர்வின் கதை!

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் வருகிறது தியாகதுருகம். ஊரை ஒட்டி நிற்கும் பாறை மலையும், அதன் மேல் சிதைந்து கிடக்கும் கோட்டையும்தான் ஊரின் அடையாளம். பெயரில் இருக்கும் 'துருகம்' என்ற சொல்லுக்கே கோட்டை என்றுதான் பொருள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்று அது வெறும் மலை. ஆனால், 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், மைசூர்ப் படையினர் என மூன்று தரப்பும் கண்வைத்த இடம் அது.

1760-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் நெருக்கியபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். அந்த உதவிக்குக் கொடுத்த விலைகளில் ஒன்று தியாகதுருகம் கோட்டை. அடுத்த ஆண்டே, இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1790-ல் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் இதே கோட்டையைப் பிடிக்க வந்தார். உள்ளே இருந்தவர், அதற்கு முன்பு வந்தவாசிக் கோட்டையைக் காத்துப் பெயர் வாங்கிய ஃப்ளின்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி. திப்புவால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆட்டம் முடிந்தது. 1799 மே 4-ம் தேதி, ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் புகுந்தது. திப்பு சண்டையிலேயே கொல்லப்பட்டார். அன்று இரவு ஊரே சூறையாடப்பட்டது.

அந்த இரவிலிருந்துதான், 19-ம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான ஆங்கில நாவல்களில் ஒன்று தொடங்குகிறது. 1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்'. சந்திரக்கல் என்று தமிழில் சொல்லலாம்.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை

ஆங்கிலத்தின் முதல் பெரிய துப்பறியும் நாவல் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கவிஞர் டி.எஸ்.எலியட் இந்த வகையிலேயே முதன்மையானதும் சிறந்ததும் இதுதான் என்று பாராட்டியிருக்கிறார். ஆனால் வாசிக்கும்போது, துப்பறியும் கதையைவிட ஒரு பேய்க்கதைக்குள் போன உணர்வுதான் அதிகம் வரும். பேய் மட்டும் இருக்காது.

விக்டோரியா மகாராணி காலத்து 'கோதிக்' கதைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பழைய மாளிகை, ஆள் அரவமில்லாத நிலப்பரப்பு, யாரும் வாய்திறந்து பேசாத ஒரு பழைய பாவம். அந்தப் பாவம் பல ஆண்டுகள் கழித்து, அதைச் செய்யாதவர்கள் தலையில் வந்து விழும். நம் ஊரில் 'பெரியவங்க செஞ்சது பிள்ளைங்க தலையில விடியும்' என்பார்களே, அதேதான்.

'மூன்ஸ்டோன்' முதலில் புத்தகமாக வரவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வாரப் பத்திரிகையில், 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை தொடர்கதையாக வந்தது. 'அடுத்த வாரம் என்ன ஆகும்?' என்று லண்டன் வாசகர்களைத் தவிக்கவிட்ட தொடர் அது. இதழ் வெளியாகும் நாளில் பத்திரிகை அலுவலகத்தின் முன் கூட்டம் காத்துக்கிடந்ததாக, நாவலைப் புத்தகமாக வெளியிட்ட டின்ஸ்லி பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வெடிமருந்துக் கிடங்கும் ஒரு பிறந்தநாள் பரிசும்

சோமநாதபுரத்துச் சந்திரக் கடவுளின் நெற்றியில் இருந்த மஞ்சள் வைரம் அது. கஜினி முகமது படையெடுப்பில் தப்பி காசிக்குப் போகிறது. ஒளரங்கசீப் காலத்தில் அங்கிருந்து திருடப்படுகிறது. பல கை மாறி கடைசியில் திப்புவின் குத்துவாள் கைப்பிடியில் பதிக்கப்படுகிறது. எங்கே போனாலும் மூன்று பிராமணர்கள் மாறுவேடத்தில் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். இது காலின்ஸ் கட்டிய கற்பனை.

ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த இரவில், ஜான் ஹெர்ன்காசில் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயுதக் கிடங்கில் அந்த மூன்று காவலர்களையும் கொன்று வைரத்தை எடுக்கிறான். சாகும் தறுவாயில் ஒரு காவலர், இந்தக் கல் உன்னையும் உன் வம்சத்தையும் விடாது என்று சபிக்கிறார். ஹெர்ன்காசில் இங்கிலாந்து திரும்புகிறான். சொந்தச் சகோதரியே அவனை வீட்டு வாசலில் சேர்ப்பதில்லை. சாகும்போது, அந்தச் சகோதரியின் மகள் ரேச்சலுக்கு 18-வது பிறந்தநாள் பரிசாக வைரத்தை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போகிறான். அது மன்னிப்பா, பழிவாங்கலா? கடைசிவரை யாருக்கும் தெரியாது.

1848 ஜூன் 21. இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரையில் ஒரு மாளிகை. வைரத்தைக் கொண்டுவந்து கொடுப்பவன் பிராங்க்ளின் பிளேக், ரேச்சலை நேசிக்கும் பெரியம்மா மகன். மாளிகையைச் சுற்றி மூன்று இந்திய வித்தைக்காரர்கள் நடமாடுகிறார்கள். பிறந்தநாள் விருந்து முடிந்து விடிவதற்குள் வைரம் காணாமல் போகிறது.

அந்த மாளிகைக்கு அருகே கடலோரத்தில் ஒரு புதைமணல் இருக்கிறது. அலை மாறும்போது அந்த மணல் மொத்தமும் உயிருள்ளதுபோல நடுங்கும். 'நடுங்கும் மணல்' என்றே அதற்குப் பெயர். விழுந்த எதையும் அது திருப்பித் தராது. நாவலின் இருட்டெல்லாம் அந்த மணலில்தான் குவிந்திருக்கிறது.

தன்னைத் தேடிய திருடன்

(இனி கதையின் முடிச்சு அவிழ்கிறது. நாவலைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் அடுத்த துணைத்தலைப்புக்குத் தாவிவிடலாம்.)

வைரத்தைத் தேடுவதில் எல்லோரையும்விட மும்முரமாக இருப்பவன் பிராங்க்ளின். லண்டனிலிருந்து கஃப் என்ற கைதேர்ந்த துப்பறியும் அதிகாரியை வரவழைக்கிறார்கள். ஆனால் வைரத்தின் சொந்தக்காரி ரேச்சல் விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கிறாள். பிராங்க்ளினின் முகத்தைப் பார்க்கவும் மறுக்கிறாள். காரணத்தைச் சொல்வதில்லை.

வீட்டில் ரோசன்னா என்றொரு வேலைக்காரப் பெண். முன்பு திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவள். தோள் கோணலானவள். பிராங்க்ளினை மனதுக்குள் நேசிக்கிறாள், அவனுக்கு அது தெரியவே தெரியாது. வைரம் தொலைந்த சில நாள்களில், அவள் அந்த நடுங்கும் மணலில் இறங்கி உயிரை விடுகிறாள்.

ஓராண்டு கழித்து, அவள் எழுதிவைத்த கடிதம் பிராங்க்ளின் கைக்குக் கிடைக்கிறது. அதில் சொன்னபடி புதைமணலுக்குள் சங்கிலியில் கட்டிவைத்த ஒரு தகரப் பெட்டியை இழுத்தெடுக்கிறான். உள்ளே ஓர் இரவு அங்கி. ரேச்சல் அறைக் கதவில் அன்று புதிதாகப் பூசிய பெயின்ட்டின் கறை அதில் இருக்கிறது. திருடனின் அங்கி அதுதான். யாருடையது என்று பெயரைத் தேடிப் பார்க்கிறான்.

அவன் பெயர்தான் இருக்கிறது.

திருடனைத் தேடிப் போனவனே திருடன். ஆனால், அவனுக்கு அது ஞாபகமே இல்லை! ரேச்சல் அன்றிரவு, அவன் வைரத்தை எடுப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் ஓராண்டு மென்று விழுங்கியிருக்கிறாள். ரோசன்னாவோ, அவனைக் காப்பாற்றத்தான் அங்கியை ஒளித்துவைத்திருக்கிறாள். அவன் செய்தது என்னவென்று தெரியாமல் இருந்த ஓராண்டும், அவனை நேசித்த இரண்டு பெண்கள் அந்தக் குற்றத்தைச் சுமந்திருக்கிறார்கள். ஒருத்தி செத்துவிட்டாள்.

விடை ஒரு டம்ளரில் இருக்கிறது. சுருட்டுப் பழக்கத்தை விட்டதால் பிராங்க்ளினுக்கு அப்போது தூக்கம் வராது. விருந்தில் வைத்தியத்தையே கிண்டல் செய்து டாக்டர் கேண்டியோடு வாக்குவாதம். அவனுக்குப் பாடம் புகட்ட, டாக்டர் யாருக்கும் தெரியாமல் அவன் குடிக்கும் பானத்தில் 'லாடனம்' என்ற அபின் மருந்தைக் கலக்கிறார். வைரத்துக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்திலேயே படுத்தவன், மயக்கத்தில் எழுந்து போய் அதைப் 'பத்திரப்படுத்த' எடுக்கிறான். அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டவன் காட்ஃப்ரே. ஊரே கையெடுத்துக் கும்பிடும் தர்மவான், உள்ளுக்குள் அடுத்தவர் பணத்தைக் கையாடிக் கடனில் மூழ்கியவன். காலையில் பிராங்க்ளினுக்கு எதுவும் நினைவில்லை என்று தெரிந்ததும் காட்ஃப்ரே வாயை மூடிக்கொள்கிறான். கல்லைக் கொண்டுபோய் லண்டன் வட்டிக்காரரிடம் அடகு வைக்கிறான்.

இந்த முடிச்சை அவிழ்ப்பவர் எஸ்ரா ஜென்னிங்ஸ். டாக்டரின் உதவியாளர். காலனி நாடு ஒன்றில் பிறந்த கலப்பினத்தவர். தீராத நோயின் வலிக்காக அபினை நம்பி வாழ்பவர். ஊரே ஒதுக்கிவைத்த அவர்தான், ஜுரத்தில் டாக்டர் உளறிய துண்டுச் சொற்களைக் கோத்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார்.

அபினும் அம்மாவின் மரணமும்

அபின் மயக்கத்தை இவ்வளவு துல்லியமாக எழுத காலின்ஸுக்குச் சொந்த அனுபவமும் இருந்தது. அவரே லாடனம் குடித்துத்தான் வாழ்ந்தார். கீல்வாதம் அவரைப் படுத்தியெடுத்தது, கண்ணையும் தாக்கியது. அந்தக் காலத்து டாக்டர்கள் வலிக்குக் கொடுத்தது அபினைத்தான்.

'மூன்ஸ்டோன்' மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டாதபோது, கிராமத்து வீட்டில் அவருடைய அம்மா மரணப் படுக்கையில் கிடந்தார். மகன் லண்டனில் எழுந்திருக்க முடியாத வலியில் கிடந்தார். 1868 மார்ச்சில் அம்மா இறந்துபோனார். அப்போதும் வாராவாரம் அத்தியாயம் போயாக வேண்டும். சில பகுதிகளைப் படுத்தபடியே சொல்லி எழுதவைத்தார். அந்தத் துயரத்திலும் வலியிலும் தன்னைத் தாங்கிப் பிடித்தது வாசகர்களுக்குச் செய்ய வேண்டிய கடமைதான் என்று, பிந்தைய பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

தான் செய்ததைத் தானே நினைவில் வைத்திராத ஒரு மனிதன் என்ற கரு, அபின் குடித்த ஓர் எழுத்தாளருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் முக்கியம். கதை தொடங்குவது ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சூறையாடலில். அந்த இரத்தக்கறையோடு வந்த கல், ஒரு நல்ல வீட்டின் நல்ல பிள்ளைகள் கையில் பரிசாக வந்து சேருகிறது. எங்கிருந்து வந்தது என்று விருந்தில் யாரும் கவலைப்படுவதில்லை. தொலைந்த பிறகுதான் 'திருட்டு' என்ற சொல்லே அந்த வீட்டில் கேட்கிறது.

டிக்கன்ஸ் ஒரு பக்கம், காலின்ஸ் மறுபக்கம்

இது 1857 சிப்பாய்ப் புரட்சி நடந்து 11 ஆண்டுகளே ஆன காலம். இந்தியர்கள் என்றாலே ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஏழைகளுக்காக உருகிய டிக்கன்ஸே, தான் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்துவிடுவேன் என்ற அர்த்தத்தில் 1857-ல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்.

அவருடைய நெருங்கிய நண்பரான காலின்ஸ், 1858-ல் 'சிப்பாய்களுக்கு ஒரு பிரசங்கம்' என்ற கட்டுரையை டிக்கன்ஸின் பத்திரிகையிலேயே எழுதினார். இந்தியர்களுக்கு நல்வழி சொல்ல பைபிள் வசனம் தேவையில்லை, அவர்கள் மரபிலேயே நீதிக்கதைகள் இருக்கின்றன என்பது அதன் சாரம். பத்து ஆண்டுகள் கழித்து, அதே டிக்கன்ஸ் நடத்திய இன்னொரு பத்திரிகையில், முதல் திருடனும் முதல் கொலைகாரனும் ஆங்கிலேய அதிகாரி என்று ஒரு தொடர்கதையைத் தொடங்கினார்.

காலின்ஸ் அப்பழுக்கற்றவர் இல்லை. அவருடைய மூன்று பிராமணர்களுக்குப் பெயர்கூட இல்லை. மை போட்டுப் பார்ப்பது, வித்தை காட்டுவது என்று ஐரோப்பியர்களின் 'மர்ம இந்தியா' கற்பனையையே அவரும் பயன்படுத்தியிருக்கிறார். காட்ஃப்ரேயைக் கொல்பவர்களும் அவர்கள்தான். ஆனாலும் கதையின் நியாயம் அவர்கள் பக்கம் நிற்கிறது. கடைசியில் கல் ரேச்சலுக்குத் திரும்புவதில்லை. சோமநாதபுரத்துக்கே போகிறது.

ஸ்ரீரங்கத்துக் கண்

இந்த வைரத்துக்கு அசல் உண்டா? இரண்டு வைரங்களை மனதில் வைத்து எழுதியதாக காலின்ஸே முன்னுரையில் சொல்கிறார். ஒன்று, கோஹினூர். 1849-ல் பஞ்சாபை இணைத்தபோது ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது. 1851-ல் லண்டனின் மாபெரும் கண்காட்சியில் மக்கள் முண்டியடித்துப் பார்த்தது.

இன்னொன்று, ரஷ்யப் பேரரசின் செங்கோலில் இருக்கும் வைரம். ஓர் இந்தியச் சிலையின் கண்ணாக இருந்தது என்று அவர் குறிப்பிடுகிறார். 'ஓர்லோவ்' என்று அழைக்கப்படும் அந்த வைரத்தைப் பற்றிய கதை வந்து நிற்கும் இடம் நம் ஸ்ரீரங்கம்!

கர்நாடகப் போர்க் காலத்தில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் படையிலிருந்து ஓடிப்போய், பக்தனாக வேடமிட்டு, ரங்கநாதர் கோயிலில் நம்பிக்கையைச் சம்பாதித்து, சிலையின் கண்ணாக இருந்த வைரத்தைப் பெயர்த்தெடுத்தான் என்பது அந்தக் கதை. சென்னைக்கு வந்து ஓர் ஆங்கிலேயக் கப்பல் கேப்டனுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றானாம். பல கை மாறிய வைரத்தை கிரிகோரி ஓர்லோவ் வாங்கி, மகாராணி கேத்தரீனுக்குப் பரிசளித்தார். சுமார் 190 கேரட் எடை. இன்று மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது.

சிப்பாய் கதைக்கு ஆவண ஆதாரம் கிடையாது. முகலாயர்களிடம் இருந்த 'கிரேட் மொகல்' வைரம்தான் இது என்று சொல்பவர்களும் உண்டு. 1750-களில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டிருந்தது மட்டும் வரலாறு. தியாகதுருகம், புதுச்சேரி, திருச்சி என்று இந்த மண் முழுக்கப் படைகள் உலாத்திய காலம் அது. கோட்டை கைமாறியதெல்லாம் கணக்கில் இருக்கிறது. கோயில்களிலிருந்து என்னென்ன போயின என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொள்ளைக்குக் கணக்கே இருந்தது. வென்ற படை ஒரு குழு அமைத்து, பதவிக்கு ஏற்றபடி பங்கு பிரித்துக்கொண்டது. திப்புவின் தங்கச் சிம்மாசனத்தைத் துண்டு போட்டார்கள். அதிலிருந்த ஹுமா பறவை இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஆங்கிலேயச் சிப்பாயைப் புலி கடிக்கும் திப்புவின் மர பொம்மை, லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806-ல் அங்கேதான் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது.

வீரசோழபுரத்துச் சுந்தரர்

'அதெல்லாம் பழைய கதை' என்று விட்டுவிட முடியாது. தியாகதுருகம் இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது வீரசோழபுரம். அங்கிருக்கும் சிவன் கோயிலிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே திருடப்பட்ட உலோகச் சிலைகள் அமெரிக்காவில் இருப்பதை, 2022-ல் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டறிந்தது. சிலை தொலைந்தது ஊருக்குத் தெரியாது. பல கோயில்களில் நடந்ததும் இதுதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விலைக்குப் போய், 2014-ல்தான் இந்தியா திரும்பினார்.

வீரசோழபுரத்துச் சிலைகளில் ஒன்று, சுந்தரரும் பரவை நாச்சியாரும். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இதே மாவட்டம்தான். அவர் கதையே குற்றவுணர்வும் இழப்பும்தான். திருவாரூரில் பரவையார் காத்திருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, 'பிரியமாட்டேன்' என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களையும் இழந்தார். ஒரு கண்ணைக் காஞ்சியிலும், மறு கண்ணைத் திருவாரூரிலும் அழுது பாடித்தான் திரும்பப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். செய்த தவற்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் பார்வை திரும்புகிறது.

காலின்ஸின் நாவலும் அதையேதான் கேட்கிறது. 'நான் எடுக்கவில்லை' என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பவனின் அங்கியில் கறை இருந்தால் என்ன செய்வது? பிராங்க்ளின் ஓடி ஒளியவில்லை. அன்று நடந்ததை மீண்டும் நடத்திப் பார்க்க, எல்லோர் முன்னிலையிலும் மறுபடி அபின் குடிக்கச் சம்மதித்தான். காசு கொடுத்துத்தான் வாங்கினோம், நன்கொடையாகத்தான் வந்தது என்று சொன்ன அருங்காட்சியகங்களும், இப்போது தங்கள் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டத் தொடங்கியிருக்கின்றன. ஸ்மித்சோனியன் தன் ஆய்வுக்குப் பிறகு, இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்த மூன்று சிலைகளில் சுந்தரர் – பரவையும் ஒன்று.

நாவலில், கல்லை மீட்ட மூன்று பிராமணர்கள் கடல் கடந்ததால் சாதியை இழக்கிறார்கள். சோமநாதபுரத்தில் கூடியிருக்கும் கூட்டத்தின் முன் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, இனி வாழ்நாளில் சந்திக்கவே கூடாது என்ற விதிப்படி மூன்று திசைகளில் பிரிந்து போகிறார்கள்.

வீரசோழபுரத்துச் சுந்தரருக்கு அப்படி யாரும் வாழ்க்கையைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்தான் என்று நிரூபித்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956-ல் அங்கே எடுத்துவைத்திருந்த ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ.